கதை எழுத இங்கிலீஷ் டிகிரி வேணுமா, அத்தை?

போன ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் அண்ணன் மகள் யூபியூ, அதாவது மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் சேரும் விண்ணப்பப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து என் முன்னால் நீட்டிவிட்டாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தின எஸ்டிபிஎம் தேர்வை முடித்திருக்கிறாள். எந்தப் படிப்பை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று ஒரு வாரமாக வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

"அத்தை, நான் நாவல் எழுதணும். அதுக்கு இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சே ஆகணுமா? அப்பா அக்கவுண்டிங் போடச் சொல்றாரு."

அண்ணன் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்திருந்தார். ஆனால் ரொம்ப நேரமாகப் பக்கத்தைத் திருப்பவில்லை.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான், கதை எழுதுகிறவளும் நான் ஒருத்திதான். வேலை பார்ப்பது கிள்ளானில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில். எழுதுவது தமிழில். இந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அவளுக்கு விளங்கவில்லை. அன்றைக்கு நான் சொன்ன பதிலும் அரைகுறையாகத்தான் இருந்தது, பாத்திரம் கழுவிக்கொண்டே எவ்வளவு சொல்லிவிட முடியும். அதனால்தான் இங்கே உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் நாலு பிள்ளைகள் இதே கேள்வியோடு இருப்பார்கள்.

முதலில் நேரான பதில்: வேண்டியதில்லை. நாவலைக் கையில் எடுத்துப் பார்க்கும் எந்தப் பதிப்பகமும் உன் சான்றிதழைக் கேட்காது. முதல் பத்துப் பக்கத்தைப் படிப்பார்கள், பிடித்தால் பதினோராவது பக்கத்துக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் பிறந்த டான் ட்வான் எங் படித்தது சட்டம், கோலாலம்பூரில் வழக்கறிஞராக இருந்தவர். 2012ல் அவருடைய இரண்டாவது நாவல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. தாஷ் ஆவும் முதலில் படித்தது சட்டம்தான், அதற்கு அப்புறம்தான் இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் புனைவு எழுத்து படிக்கப் போனார். இந்தப் பக்கம் கே.எஸ். மணியம். கெடாவில் பீடோங்கில் 1942ல் பிறந்த நம் தமிழ்ப் பிள்ளை, மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து அதே துறையில் பல ஆண்டுகள் கற்பித்தவர். ஆங்கிலப் பட்டம் அவருக்கு உதவியிருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எழுதியதில் ஊறிக் கிடப்பது வடக்கே அந்தச் சின்ன ஊரும், அங்கே பிழைக்க வந்தவர்களின் வீடுகளும். அதை எந்தப் பாடத்திட்டமும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

தமிழ்ப் பக்கம் வந்தால் கணக்கே வேறு. கி. ராஜநாராயணன் பள்ளிக்கூடத்தைக்கூட முடிக்கவில்லை. பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் அவளை ஏமாற்றியதாகிவிடும். "அவரே படிக்கலையாம், நானும் படிக்க வேண்டியதில்லை" என்று சொல்வது சுலபம். கி.ரா. படிக்காமலா இருந்தார்? வாழ்நாள் முழுக்கப் படித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்த மனிதர் அவர், கரிசல் சனங்களின் பேச்சுக்குத் தனியாக அகராதி தொகுத்தவர். ஆக டிகிரி வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் வேறு ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. டிகிரி எதைக் கொடுக்கிறது, அது கொடுக்காததை எங்கே போய் வாங்குவது?

எனக்கு அது கொடுத்ததைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு மதியம், வெளியே மழை, எங்கள் விரிவுரையாளர் ஒரு பழைய ஆங்கில நாவலிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார். ஒரு பெண் அறைக்குள் நுழைகிறாள், மேசையில் ஒரு கடிதம் இருக்கிறது, நாற்காலியில் இருக்க வேண்டியவர் இல்லை. மூன்று வாக்கியம். விரிவுரையாளர் அவற்றைப் பலகையில் இடம் மாற்றி எழுதினார். கடிதம் முதலில் வந்தால் அவள் கடிதத்துக்காகக் காத்திருந்தவள் ஆகிவிடுகிறாள். காலி நாற்காலி முதலில் வந்தால் அந்த மனிதருக்காக ஓடி வந்தவள் ஆகிவிடுகிறாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, வரிசையை மட்டும்தான் மாற்றினார். ஆள் மாறிவிட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கதை கதையாக விழுங்கிக்கொண்டிருந்தவள் நான், ஆனால் கதை இப்படி வாக்கியம் வாக்கியமாக அடுக்கிக் கட்டப்படுகிற ஒன்று என்று அந்த மதியம்தான் தெரிந்தது. அந்த ஒரு வகுப்புக்காக அந்தப் படிப்பை இன்னொரு முறை படிக்கச் சொன்னாலும் படிப்பேன்.

அப்புறம், நேரம். மூன்று வருடம் வாசிப்பதே உன் வேலை, அதற்காக யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தில், பெண் பிள்ளை மதியம் முழுக்கப் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிப்பதை யார் விடுவார்கள்? பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றால் மட்டும்தான் அம்மா கூப்பிட மாட்டார்.

ஆனால் அந்த மூன்று வருடத்தில் நான் ஒரு கதைகூட எழுதவில்லை. இதைப் பலர் வெளியே சொல்வதில்லை. ஆங்கில இலக்கியப் பட்டம் என்பது பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியதைப் பற்றிக் கட்டுரை எழுதும் படிப்பு. காலனியம், பெண்ணியம், யார் எந்த நூற்றாண்டில் எதற்காக அப்படி எழுதினார்கள், எல்லாம் வேண்டியவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன் கதையைக் கொண்டுபோய் நீட்டினால் வாங்கிப் படிக்க அங்கே யாருக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்காது. அதைவிட மோசம், ஒரு வரி எழுத ஆரம்பித்ததுமே அதை விமரிசகர் எப்படி வாசிப்பார் என்று மூளை ஓடும். எழுதுகிற கை அங்கேயே நின்றுவிடும். எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போக ஆறேழு வருடம் ஆனது.

அது விட்டுப்போனது எப்படி என்பதைத்தான் அண்ணன் மகளிடம் சரியாகச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்துத் தமிழில் ஒரு கதை எழுதினேன். என் பாட்டி கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர், அவரை வைத்து எழுதியது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் மாதம் ஒரு தடவை ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிப்பார்கள், ஒரு தோழி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் அம்மாவோடு மரத்தடிக்குப் போனவர். என் கதையை வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்தபோது பக்கமெல்லாம் பென்சில் வட்டம்.

முதல் வட்டம், "உச்சி வெயிலில் பாட்டி மரம் வெட்டிக்கொண்டிருந்தாள்" என்ற வரி மேல்.

"வெயில் ஏறிட்டா பால் எங்கம்மா வடியும்? இருட்டுலயே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கற எடத்துக்கு, போய் நிப்பாங்க. நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டு விடியறதுக்குள்ள பாதி நிரையை முடிச்சிருப்பாங்க. வெயில் வர்ற நேரம் பால் எடுக்கற நேரம்."

இரண்டாவது வட்டம், "பால் கிண்ணம்" என்ற சொல்லின் மேல். பக்கத்தில் "மங்கு" என்று எழுதியிருந்தார். "உங்க பாட்டி உசுரோட இருந்தா இத கிண்ணம்னு சொல்வாங்களா?" என்று கேட்டார். சொல்லியிருக்க மாட்டார். மங்கு என்ற சொல் எனக்குத் தெரியும், பாட்டி வாயிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோது அது வரவில்லை, பாடப்புத்தகத்தில் படித்த ஆங்கிலச் சொல்லின் தமிழ்தான் வந்தது.

மூன்றாவதை மறக்கவே முடியாது. பாட்டி மரத்தடிக்குப் போனதும் உளியை எடுத்து வெட்டுகிறாள் என்று எழுதியிருந்தேன். "அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கே" என்றார். முந்தின வெட்டில் கோட்டு மேலேயே காய்ந்து கிடக்கும் பாலை நூல் மாதிரி உரித்து எடுக்க வேண்டும், மங்கில் உறைந்து கிடப்பதையும் பிடுங்கிப் போட வேண்டும், அதுதான் ஒட்டுப்பால், அதற்கும் எடை போட்டுக் காசு உண்டு. அதை உரிப்பதை அவர் விரலால் காற்றிலேயே செய்து காட்டினார், இடது கை மரத்தை அணைக்க, வலது கை மேலிருந்து கீழாகச் சரிவாக. சொல்லிவிட்டு, "இத எழுதுங்க, கதை தானா அங்க நிக்கும்" என்றார்.

எழுதினேன். கதை நின்றது. என் பாட்டி அழுகிறாள் என்று நான் எழுதிய இடத்தையெல்லாம் எடுத்துவிட்டேன், அந்த ஒட்டுப்பாலை உரிக்கும் கையே போதுமாக இருந்தது. வாக்கியங்களை எந்த வரிசையில் வைப்பது என்று யோசித்தபோது உதவியது அந்த மழை மதிய வகுப்பு. என்ன வைப்பது என்பதற்கு உதவியது இந்த ஐயா. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஐயாவைத்தான் சொல்வேன். ஏனென்றால் அந்த வகுப்பில் கிடைத்ததை நிறையப் புத்தகங்களைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் படித்தும் ஓரளவு பிடித்துவிடலாம். உன் பக்கத்தை வரி வரியாகப் படித்துவிட்டு "இது பொய்" என்று சொல்கிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

வெளிநாட்டில் இதையே படிப்பாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1936லேயே எழுத்துப் பட்டறை தொடங்கிவிட்டது. கிழக்கு ஆங்கிலியாவில் 1970ல். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள், ஒருவர் எழுதிய கதையை மற்ற எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து பேசுவார்கள், எழுதியவர் அது முடியும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் ரொம்ப காலம் அங்கெல்லாம் வழக்கம். நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ அப்படிப் படித்தவர்தான். இதில் சேர முதல் பட்டம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் இல்லை, ஏதோ ஒரு பட்டமும் நீ எழுதிய பக்கங்களும்தான் கேட்பார்கள். தாஷ் ஆவ் சட்டம் படித்துவிட்டுத்தானே போனார்.

ஆனால் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஆதங்கம் வரும். அந்த 1970க்கு இருபது வருடம் முன்னால், 1950ல், இங்கே கோலாலம்பூரில் தமிழ் நேசன் பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தியிருக்கிறார்கள். பத்திரிகை வழியாகவே கதை எழுதக் கற்றுக் கொடுத்தார்கள், அதிலிருந்து ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் வந்தார்கள். அப்புறம் 1952ல் கு. அழகிரிசாமி அதே தமிழ் நேசனுக்கு ஆசிரியராக வந்தார், 1957 வரை இந்த ஊரில் இருந்தார், உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி உட்கார வைத்துக் கதைகளைப் பற்றிப் பேசினார். அவர் கி.ரா.வுக்கு ஒரே ஊர்க்காரர், தமிழ்நாட்டில் இடைசெவல், இருவரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். அவரிடமும் பட்டம் கிடையாது, பள்ளி இறுதி வகுப்போடு சரி. அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்குக் காலையில் வேலைக்குப் போய்விட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். தமிழ் நேசன் 2019ல் நின்றுபோனது. நின்றபோது ஒரு பத்திரிகை போனது என்றுதான் எல்லோரும் பேசினோம். எனக்கு ஒரு பள்ளிக்கூடம் மூடிய மாதிரி இருந்தது.

சரி, அண்ணனுடைய பயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவது நியாயம். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் எடுத்துப் படித்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், வருடத்துக்கு 1 சதவீதம்தான் கட்டணம் என்றாலும் அசல் அசல்தான். கதை எழுதி அந்தக் கடனை அடைத்த யாரையும் எனக்குத் தெரியாது. எங்கள் அப்பா துவைத்துத் துவைத்துப் போட்ட ஒரே சீருடையைச் செந்தூல் ரயில் பட்டறைக்கு முப்பது வருடம் போட்டுக்கொண்டு போய் எங்களைப் படிக்க வைத்தவர், அண்ணனுக்கு அது மறக்காது. மாதம் முடிந்தால் சம்பளம் வர வேண்டும், அதுதான் அவர் கேட்பது.

ஆங்கிலப் பட்டத்தில் சம்பளம் வராது என்பது உண்மை இல்லை. ஆசிரியர் வேலை இருக்கிறது, விளம்பர நிறுவனம், பதிப்பகம், என்னைப் போலக் கடிதமும் ஒப்பந்தமும் பார்க்கிற அலுவலக வேலை, எல்லாம் இருக்கிறது. ஆனால் எழுத்தாளர் ஆவதற்கான அனுமதிச் சீட்டு என்று நினைத்து அந்தப் படிப்புக்குப் போகாதே. நாளைக்கு நீ எழுதவே மாட்டாய் என்று உறுதியாகத் தெரிந்தாலும் அந்தப் புத்தகங்களைப் படிக்க ஆசை இருக்குமா என்று உன்னையே கேட்டுப் பார். இருக்கும் என்றால் போ, அண்ணனிடம் நான் பேசுகிறேன். இல்லை என்றால் அக்கவுண்டிங் படி. கணக்கு பார்க்கிறவர்களுக்குக் கதை வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு குடும்பம் எப்படி உடைந்தது என்பதை வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், அதை எழுத நம் பக்கம் ஆளே இல்லை.

எதை எடுத்தாலும் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று வாசிப்பு, அதற்கு துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம் இருக்கிறது. இன்னொன்று உன் பக்கத்தைப் படிக்கும் அந்த ஒரு ஆள்.

மொழியைப் பற்றியும் அவள் பயப்படுகிறாள். ஆங்கிலத்தில் எழுதினால் தமிழைக் கைவிட்டதாகிவிடுமோ என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் ஆங்கிலத்தில்தான் கனவு காண்கிறாள், பொய்யாகத் தமிழில் எழுத வேண்டாம். ஆனால் வீட்டில் பேசுகிற பேச்சைக் காதை விட்டு இறக்கிவிடக் கூடாது. எனக்கு மங்கு தொலைந்த மாதிரி அவளுக்கு எதுவும் தொலையக் கூடாது.

நேற்று ராத்திரி நாலு பக்கம் அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில், தாத்தாவைப் பற்றி, அதாவது எங்கள் அப்பாவைப் பற்றி. நன்றாக எழுதுகிறாள், அவள் வயதில் எனக்கு வராத ஓட்டம் அவளுக்கு வருகிறது. காலையில் அலுவலகத்தில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, ரயிலில் பென்சிலோடு உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்தில் தாத்தா பட்டறையிலிருந்து வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். அங்கே ஒரு வட்டம் போட்டேன். அப்பா சோப்பு மட்டும் போட்டு நான் பார்த்ததே இல்லை. கிரீஸ் போக முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் ஒரு பிடி மரத்தூள், அதற்கப்புறம்தான் சோப்பு. மரத்தூளை ஒரு பழைய மைலோ டின்னில் வைத்திருப்பார், கிணற்றடியில், எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில். அவளுக்கு இது தெரிய வழியில்லை, அவள் பிறப்பதற்குள் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அவளுடைய அப்பாவுக்குத் தெரியும். "இதை உன் அப்பாகிட்ட கேளு" என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போகும்போது கொடுக்க வேண்டும்.